இடப்பக்கம் திரும்பிய நட்டு: நகரியில் ஒரு முதல் பிறந்தநாள் பலூன் அலங்காரம்

பின்னணி

நகரி ஆந்திர எல்லைக்குள் இருக்கிற விசைத்தறி ஊர். திருத்தணியைத் தாண்டித் திருப்பதி சாலையில் கொஞ்ச தூரம் போனால் வந்துவிடும். ஏகாம்பரகுப்பம் பக்கம் நடந்தால் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும். பல குடும்பங்களில் வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. இந்த நிகழ்வு அப்படிச் சொந்தத் தறி வைத்திருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் விசேஷத்தில் நடந்தது.

பெண் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். மே மாதம். காலையில் திருத்தணி முருகன் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும், மாலையில் நகரியில் ஒரு பங்ஷன் ஹாலில் கேக் வெட்டும் சாப்பாடும் என்று ஏற்பாடு. சுமார் 250 பேரை அழைத்திருந்தார்கள். தறி வேலை செய்கிறவர்களின் குடும்பங்களும் வருவதால் சிறு பிள்ளைகள் நிறைய இருப்பார்கள் என்பது முன்பே தெரியும்.

அலங்கார வேலையை எடுத்தவர் திருத்தணியில் பல வருடமாக இந்தத் தொழில் செய்யும் ஒரு பெண். அவரிடம் மூன்று பையன்கள் வேலை செய்கிறார்கள். ஹீலியம் நிரப்புகிற வேலை வந்தால் என்னைக் கூப்பிடுவார், அன்றும் கூப்பிட்டிருந்தார். பலூன் தொழிலில் இருப்பவர்களும் வீட்டு விசேஷத்துக்குப் பலூன் சொல்கிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, பெயர்களை விட்டுவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குடும்பம் கேட்டது

குழந்தையின் அம்மா செல்போனில் ஒரு படம் காட்டினார். கூரை முழுக்க வெளிர் நிற பலூன்கள் ஒட்டி மிதக்கின்றன, ஒவ்வொன்றிலிருந்தும் ரிப்பன் சுருள் சுருளாகத் தொங்குகிறது. "எனக்கு வேற எதுவும் வேணாம்க்கா, இது மட்டும் இப்பிடியே வேணும்" என்றார். கூரைக்கு 300 பலூன். அதோடு மேடையில் பட்டாம்பூச்சி பேக்டிராப், பக்கவாட்டில் வளைந்து ஏறும் பலூன் கார்லண்ட், வாசலில் ஆர்ச், இரண்டு பாயில் (பளபளக்கும் உலோகப் பூச்சுத் தாள்) பலூன் கொத்து, ஆளுயரத்தில் பாதிக்கு மேல் வரும் '1' என்ற நம்பர் பலூன்.

இதில் மிதக்க வேண்டியவை கூரைப் பலூன்களும் கொத்துகளும் நம்பரும்தான். பேக்டிராப், கார்லண்ட், வாசல் ஆர்ச் எல்லாம் வெறும் காற்று, ப்ளோவரில் அடித்துவிடலாம். கூரைதான் செலவை ஏற்றியது. 11 அங்குல பலூன் ஒன்றுக்கு ஏறக்குறைய 14 லிட்டர் வாயு பிடிக்கும். 300 பலூனுக்கு 4,200 லிட்டர், அதாவது 4.2 கன மீட்டர். 47 லிட்டர் கொள்ளளவுள்ள பெரிய சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் இருப்பதே சுமார் 7 கன மீட்டர்தான். நிரப்பும்போது வீணாவதையும் வெடித்துப்போவதையும் சேர்த்தால் முக்கால் சிலிண்டர் போய்விடும். ஹீலியத்துக்கு மட்டும் நான் சொன்ன தொகை, மற்ற அலங்காரம் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொன்ன தொகையைத் தாண்டியது.

வீட்டில் குழந்தையின் தாத்தா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். விலையைக் கேட்டதும் அவர்தான் முதலில் பேசினார். "ஹீலியத்தோட தடயம் மொதல்ல தெரிஞ்சதே நம்ம குண்டூர்லதானப்பா. இங்கயே அதுக்கு இவ்ளோ வெலயா?" அவர் சொன்னது சரி. 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தை குண்டூரிலிருந்து கவனித்த பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென், சூரியனின் விளிம்பு ஒளியில் மஞ்சள் கோடு ஒன்றைப் பார்த்தார் என்பார்கள், அது ஹீலியத்தின் அடையாளம் என்பது பிறகுதான் தெரிந்தது. பூமியில் இந்த வாயு கையில் கிடைத்தது 1895இல்தான். ஆனால் இன்று நமக்கு வரும் ஹீலியம் அனேகமாக எல்லாமே இறக்குமதி. கத்தார், அமெரிக்கா போன்ற நாடுகளில் இயற்கை எரிவாயுக் கிணறுகளிலிருந்து பிரித்தெடுத்துக் கப்பலில் வருகிறது. பட்டறையிலோ கொல்லைப்புறத்திலோ யாரும் அதைத் தயாரிக்க முடியாது. மருத்துவமனை எம்ஆர்ஐ கருவிக்கும் அதுவே வேண்டும். பாதி விலைக்கு, கால் விலைக்கு ஹீலியம் என்று யார் சொன்னாலும், அந்த விலையிலேயே சேதி இருக்கிறது என்று அவருக்குச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துக் குழந்தையின் தாய்மாமன் போன் செய்தார். "தெரிஞ்சவர் ஒருத்தர் நீங்க சொன்னதுல மூணுல ஒரு பங்குக்குத் தர்றாரு. சிலிண்டர நாங்களே எறக்கிர்றோம், நீங்க அடிச்சி மட்டும் குடுங்க." பில்லும், சிலிண்டர் மேல் வாயுவின் பெயர் போட்ட லேபிளும் இருந்தால்தான் நிரப்புவோம் என்று அலங்காரப் பொறுப்பாளர் சொன்னார். இருக்கும் என்றார் அவர்.

விழா நாள் மதியம்: கவனித்தவை

மாலை 7 மணிக்கு விழா. மதியம் ஒன்றரை மணிக்குச் சிலிண்டர் குட்டி யானையில் வந்தது. படுக்கப் போட்டிருந்தார்கள், கயிறு கட்டவில்லை. வளைவில் திரும்பும்போதெல்லாம் உருண்டிருக்கும் என்பது பக்கத் தகரத்தில் இருந்த கீறலில் தெரிந்தது. வால்வுக்கு மேல் மூடி இல்லை. லேபிள் இல்லை. பில்லை அப்புறம் அனுப்புவதாகச் சொன்னார்களாம்.

பெயின்ட் புதிது. நான் வாங்கும் ஹீலியம் சிலிண்டரைப் போலவே பழுப்பு நிறம், ஆனால் பிரஷ்ஷால் அடித்திருந்தார்கள், மயிர்க்கோடு தெரிந்தது. கழுத்துப் பக்கம் விரல் நகத்தால் சுரண்டினால் உரிந்து வந்தது. அடியில் சிவப்பு. ஹைட்ரஜன் சிலிண்டருக்கு அடிக்கும் நிறம் அது. தோள்பட்டையில் சோதனைத் தேதி குத்தியிருக்க வேண்டிய இடம் பெயின்டில் மெழுகிக் கிடந்தது.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது, யாரும் எந்த நிறமும் அடிக்கலாம். மரை பொய் சொல்லாது. தீப்பிடிக்காத வாயுக்களின் வால்வு மரை வலப்பக்கம் திருகினால் இறுகும். தீப்பிடிக்கும் வாயுக்களுக்கு மரையே எதிர்ப்பக்கம் வெட்டப்பட்டிருக்கும், இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். ஒன்றின் ரெகுலேட்டரை இன்னொன்றில் தவறிக்கூட மாட்ட முடியாதபடி செய்த ஏற்பாடு அது. வெல்டிங் பட்டறையில் அசிட்டிலின் சிலிண்டரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பலூன் நிரப்பும் என் நாசிலின் நட்டை வால்வில் வைத்து வலப்பக்கம் திருகினேன். கடிக்கவே இல்லை. சிலிண்டரோடு ஒரு பித்தளை அடாப்டரும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதன் நட்டு ஆறு மூலை, ஒவ்வொரு மூலையிலும் நடுவில் சின்னதாக ஒரு வெட்டு. இடப்பக்க மரைக்கு அடையாளமே அந்த வெட்டுதான். அதை வைத்து ஸ்பானர் இல்லாமல் கையாலேயே இடப்பக்கம் திருப்பினேன். வழுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தது. கழற்றி வைத்துவிட்டேன். வால்வைத் திறக்கவில்லை.

ஹாலுக்குள் இருந்த நிலைமையையும் அப்போதே சுற்றிப் பார்த்துக் குறித்துக்கொண்டோம். ஏசிக்காக ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. மேடையைச் சுற்றி ஆறு கோல்ட் பைரோ (மத்தாப்பு மாதிரி பொறி கக்கும்) இயந்திரங்களைத் திருப்பதி பக்கத்திலிருந்து வந்த ஒருவர் பொருத்திக்கொண்டிருந்தார். கூரை ஓரம் முழுக்க சீரியல் விளக்கு, சில இடங்களில் ஒயர் இணைப்பு டேப் சுற்றாமல் இருந்தது. கேக்குக்குப் பொறி பறக்கும் மெழுகுவர்த்தி. பையன்கள் கையில் ஸ்நோ ஸ்ப்ரே. அந்த ஸ்ப்ரேவை வெளியே தள்ளும் வாயுவே தீப்பிடிக்கக்கூடியது என்பது வாங்குகிறவர்கள் பலருக்குத் தெரிவதில்லை.

எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

அந்தச் சிலிண்டரிலிருந்து ஒரு பலூன்கூட நிரப்புவதில்லை, சிலிண்டர் ஹால் வளாகத்தில் இருக்கவும் கூடாது என்று அலங்காரப் பொறுப்பாளர் சொல்லிவிட்டார்.

தாய்மாமனுக்கு இது பிடிக்கவில்லை. கோபத்தில் நியாயமும் இருந்தது, முன்பணம் கொடுத்தது அவர். "எல்லா எடத்துலயும் இதத்தான் அடிக்கிறாங்கண்ணா. எங்க வெடிச்சிது சொல்லுங்க" என்றார். சொல்ல வேண்டியிருந்தது. 2020 செப்டம்பரில் சென்னை பாடியில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில், பட்டாசு கொளுத்தியபோது வாயு பலூன்கள் தீப்பற்றிப் பலர் காயப்பட்டார்கள். 2022 அக்டோபரில் திருச்சி கடைத்தெருவில் பலூன் விற்பவரின் சிலிண்டர் வெடித்து ஒருவர் இறந்தார். 2012 மே மாதம் ஆர்மீனியத் தலைநகர் எரெவானில் ஒரு தேர்தல் கூட்டத்தில் வாயு பலூன் கொத்துகள் பற்றிக்கொண்டதில் 140 பேருக்கு மேல் காயம். பாடியிலும் எரெவானிலும் கூட்டத்துக்கு நடுவில், தலைக்கு மேல்தான் பலூன்கள் பற்றின.

ஹைட்ரஜன் காற்றோடு 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் தீப்பிடிக்கும். பற்றவைக்கத் தேவையான பொறி மிகச் சிறியது, விரலில் 'சுருக்'கென்று நாம் உணரும் நிலைமின்சாரப் பொறியைவிடப் பல மடங்கு குறைவு. பலூன்களோ ஒன்றோடொன்று உரசி நிலைமின்சாரத்தைச் சேர்க்கிற பொருள். ஒன்று பற்றினால் பக்கத்தில் இருப்பது, அதற்குப் பக்கத்தில் இருப்பது என்று கொத்து முழுக்க நொடியில் போய்விடும். எரிகிற ரப்பர் கீழே நிற்கிறவர்கள் மேல் ஒட்டும். அண்ணாந்து பார்க்கிற முகத்தில்தான் முதலில் படும். இத்தனை ஆபத்தைச் சுமந்தும் தூக்கும் திறனில் பெரிய லாபம் ஒன்றுமில்லை, ஹீலியத்தைவிட ஹைட்ரஜன் சுமார் 8 சதவீதம்தான் கூடுதலாகத் தூக்கும். விலை ஒன்றுதான் வித்தியாசம்.

சிலிண்டரே இன்னொரு கவலை. தெருவோரத்தில் காஸ்டிக் சோடாவையும் அலுமினியத் துண்டுகளையும் பழைய சிலிண்டருக்குள் போட்டு ஹைட்ரஜன் எடுக்கிற பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. அந்த வினையில் சூடும் அழுத்தமும் கட்டுப்பாடில்லாமல் ஏறும். இந்தச் சிலிண்டர் எங்கே நிரப்பப்பட்டது, கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்று சொல்ல யாரும் இல்லை.

வேலைக்கு வந்த பையன்களில் ஒருவன், "ஒரு பலூன் ஊதி வெளிய கொண்டுபோய் லைட்டர் காட்டிப் பாத்துடலாமே" என்றான். தொழிலில் சிலர் செய்கிற வேலைதான் இது. செய்யவே கூடாது. மரை தெளிவாகச் சொல்லிவிட்ட பிறகு நெருப்பை வைத்து எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

குழந்தையின் அப்பா இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார். மைத்துனர் மனம் கோணுமே என்ற தயக்கம். அப்போது சேரில் உட்கார்ந்திருந்த ஆயா, அதாவது வீட்டுப் பாட்டி, கேட்டார்: "கொழந்த தல மேலயா தொங்கப் போவுது அது?" ஆமாம் என்றோம். "வேணாம். எடுத்துனு போங்க." அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

சிலிண்டரை அதே குட்டி யானையில் நிமிர்த்தி, கயிற்றால் கூண்டோடு சேர்த்துக் கட்டி, அடாப்டரைத் தனியாகக் கொடுத்துத் திருப்பி அனுப்பினோம். வாயுவைத் திறந்துவிட்டு வெறும் சிலிண்டராக அனுப்பலாமே என்று ஒரு பேச்சு வந்தது. வேகமாக வெளியேறும் ஹைட்ரஜன் தானாகவே பற்றிக்கொள்ளக்கூடும் என்பதால் அதையும் செய்யவில்லை.

மாற்று ஏற்பாடு

கையில் நாலு மணி நேரம் சொச்சம். திருத்தணியில் என் கடையில் 10 லிட்டர் ஹீலியம் சிலிண்டர் ஒன்று பாதி இருந்தது. ஒரு பையன் பைக்கில் போய் எடுத்து வருகிறேன் என்றான். 2016 கேஸ் சிலிண்டர் விதிகளின்படி வாயு உருளையை இருசக்கர வண்டியில் ஏற்றக் கூடாது, விதி இல்லாவிட்டாலும் கூடாது. மூடி போட்டு, பில்லோடு, லோடு ஆட்டோவில் நிமிர்த்திக் கட்டிக் கொண்டுவரச் செய்தோம். ரெகுலேட்டர் 80 பார் காட்டியது. பத்தைப் பெருக்கினால் 800 லிட்டர், பலூன் கணக்கில் ஐம்பதுக்குச் சற்று மேல். வீண் போவதைக் கழித்துக்கொண்டு நம்பர் பலூனுக்கும் இரண்டு கொத்துக்கும் மட்டும் ஹீலியம் என்று ஒதுக்கினோம். கூரை முழுவதும் காற்று.

காற்றடித்த பலூன் மிதக்காது, ஆனால் மிதப்பதுபோல் காட்டலாம். கூரையில் டேப் ஒட்டினால் பெயின்ட் உரியும் என்று ஹால் மேனேஜர் மறுத்துவிட்டார். அங்கேதான் ஊர் கைகொடுத்தது. குழந்தையின் அப்பா தறிக்கூடத்திலிருந்து வெள்ளை பாலியெஸ்டர் நூல் கோன்களும், கூடவே ஆறேழு தறிக்காரர்களையும் வரவழைத்தார். தூணுக்குத் தூண், கொக்கிக்குக் கொக்கி, கூரைக்கு ஒரு சாண் கீழே நூலை இழுத்துக் கட்டினார்கள். வெள்ளைக் கூரைக்குக் கீழே வெள்ளை இழை, தரையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியவில்லை. பலூனின் தலைப்பக்கத்தில் குளூ டாட் (இருபக்கமும் ஒட்டும் பசைப் பொட்டு) வைத்து நூலில் ஒட்டினோம். முடிச்சு கீழே பார்க்கும்படி இருக்க, அதில் ரிப்பன் சுருளைக் கட்டினோம். 300 என்பதை 180 ஆகக் குறைத்து, மேடைக்கு மேலும் முன்வரிசைகளுக்கு மேலும் மட்டும் நெருக்கமாகப் போட்டோம்.

தறியில் நாள் முழுக்க அறுந்த இழையை முடிகிற விரல்கள் பலூன் கழுத்தை முடிகிற வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ப்ளோவரில் இரண்டு இரண்டாக ஊதி எடுக்க எடுக்க, ஜோடியாகக் கட்டி, இரண்டு ஜோடியை ஒரு முறுக்கு முறுக்கி நாலு பலூன் கொத்தாக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அளவு ஒன்றுபோல் வர அட்டைப்பெட்டியில் வட்டமாக வெட்டிய ஓட்டையில் நுழைத்துப் பார்ப்பது வழக்கம். ஒரு அம்மா அதை நாலு பலூனுக்குமேல் பயன்படுத்தவில்லை, கண் பழகிவிட்டது.

வாசல் ஆர்ச்சுக்கு வெயில்தான் எதிரி. 24 டிகிரி ஏசியில் ஊதியதை 40 டிகிரிக்குக் கொண்டுபோனால் உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய 5 சதவீதம் விரியும். ஏற்கெனவே விறைப்பாக ஊதிய பலூனுக்கு அது போதும். சூடான இரும்புக் கம்பியில் பட்டால் உடனே வெடிக்கும். அதனால் 11 அங்குல பலூனை 9 அங்குலத்துக்கே ஊதி, அடர் நிறங்களை உள்ளே வைத்துக்கொண்டு வெளிர் நிறங்களை மட்டும் வெளியே எடுத்து, வெயில் இறங்கிய பிறகு ஆர்ச்சை ஏற்றினோம். பளபளப்பான பலூன் வெயிலில் நின்றால் சற்று நேரத்தில் மங்கி வெல்வெட் துணி போலாகிவிடும், அதுவும் தப்பியது.

கொத்துகளை அரை மணி நேரம் முன்புதான் நிரப்பினேன். பாயில் பலூன் ரப்பர் மாதிரி இழுபடாது. ஓரத் தையலில் சுருக்கம் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். ஒரு லிட்டர் ஹீலியம் தூக்குவது ஒரு கிராம் அளவுதான். பலூன் எடை, ரிப்பன் எடை போக ஒரு 11 அங்குல பலூனுக்கு மிஞ்சுவது 10 கிராம். ஒரு கொத்துக்கு நூறு கிராமுக்குள்தான் இழுப்பு வரும் என்பதால் ஒவ்வொன்றையும் ஒரு நூல் கோனில் கட்டி நிறுத்தினோம்.

பைரோக்காரரிடம் அலங்காரப் பொறுப்பாளர் தெலுங்கில் பேசி, கார்லண்டுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு இயந்திரங்களை எடுக்க வைத்தார். மீதி நான்கு மேடை முன்விளிம்புக்கு நகர்ந்தன.

விழாவில் நடந்தது

ஏழரைக்கு மேல்தான் கேக் வெட்டினார்கள். பைரோ எரிந்தபோது நான்கில் ஒன்று சற்றே சாய்ந்திருந்தது. பொறி பக்கவாட்டில் அடித்து, மேடை ஓரத்தில் தாழ இருந்த ஐந்தாறு பலூன்கள் படபடவென்று வெடித்தன. குழந்தை திடுக்கிட்டு அழுதது. அம்மா தூக்கிக்கொண்டதும் அடங்கியது. வெடித்தவை காற்று பலூன்கள், அதனால் சத்தத்தோடு முடிந்தது. பைரோவை உடனே நிறுத்தச் சொன்னோம். தாய்மாமன் மேடையில் குழந்தைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் அதன்பிறகு என்னிடம் அந்தச் சிலிண்டரைப் பற்றிப் பேசவில்லை, ஆனால் மீதி மூன்று இயந்திரங்களின் ஒயரையும் அவரே பிடுங்கினார்.

ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. வெடித்த ரப்பர் துண்டுகள் மேடைக்குக் கீழே சிதறின. பொறுக்குவதற்கென்றே ஒரு பையனைத் துடைப்பத்தோடு நிறுத்தியிருந்தோம். அவன் போய்ச் சேர்வதற்குள் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு குழந்தை ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் பார்த்து, விரலை விட்டு எடுத்துவிட்டார். பெரியவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். ரப்பர் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் மூச்சுக்குழாயை மூடிபோல் அடைத்துவிடும், முதுகில் தட்டினாலும் எளிதில் வராது. 8 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் கையில் ஊதாத பலூனோ வெடித்த துண்டோ போகக் கூடாது. முதல் பிறந்தநாள் என்றால் வருகிற பிள்ளைகளில் பாதி அந்த வயதுதான், கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகிற வயது.

சாப்பாட்டு நேரத்தில் கல்லூரிப் பையன்கள் சிலர் கொத்திலிருந்து ஒரு பலூனை அவிழ்த்து, ஹீலியத்தை உறிஞ்சிக் கீச்சுக்குரலில் பேசிச் சிரித்தார்கள். விஷவாயு இல்லையே என்று ஒருவன் கேட்டான். விஷம் இல்லைதான், ஆனால் நுரையீரலில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது, தொடர்ந்து சில மூச்சு இழுத்தாலே நினைவு தப்பலாம். சிலிண்டரில் நேரே வாய் வைத்தால் அழுத்தம் நுரையீரலையே கிழித்துவிடும். சிலிண்டர் அப்போது வண்டியில் பூட்டி இருந்தது. நிரப்பி முடித்ததும் வெளியே எடுத்துவிடுவது இதற்காகத்தான்.

குளூ டாட் விட்டுக் கூரையிலிருந்து நாலைந்து பலூன் விழுந்தன. மற்றபடி படத்தில் கேட்ட காட்சி கிடைத்தது. வந்தவர்களில் யாருக்கும் அது காற்று பலூன் என்று தெரியவில்லை, அம்மாவுக்கும் அதுதான் நிறைவு.

பிரித்து எடுத்தது

இரவு பதினொரு மணிக்குக் குழந்தையின் அப்பா நம்பர் பலூனை ஹால் வாசலில் நின்று வானத்தில் விடலாமா என்று ஆசையாகக் கேட்டார். வேண்டாம் என்றோம். பாயில் பலூனின் உலோகப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தும், மின்கம்பியில் சிக்கினால் லைன் ஷார்ட் ஆகிவிடும். தறி ஓடுகிற ஊரில் கரன்ட் போனால் யார் கூலி போகும் என்று அவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் பலூனை விட்டாலும் எங்கோ ஒரு வயலில் விழும், மாடு தின்னும். நம்பர் பலூனில் ஸ்ட்ரா நுழைத்துக் காற்றை இறக்கி, மடித்துக் கையில் கொடுத்தோம். அடுத்து வரும் பெரியப்பா வீட்டுக் குழந்தைக்கு ஆகும் என்று வாங்கி வைத்துக்கொண்டார். ரப்பர் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி நாங்களே எடுத்து வந்தோம்.

கணக்கு முடித்தபோது, முதலில் சொன்ன தொகையில் ஹீலியத்துக்கென்று இருந்த பங்கில் ஆறில் ஒன்றுதான் ஆனது. தறிக்காரர்களுக்கு அந்த வீட்டார் அரைநாள் கூலி கொடுத்தார்கள். முன்பணம் தாய்மாமனுக்குத் திரும்பி வரவில்லை.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

அலங்காரப் பொறுப்பாளர் இப்போது ஆர்டர் எடுக்கும் தாளிலேயே எழுதிவிடுகிறார்: மிதக்கும் பலூனுக்கு வாயு எங்கள் பொறுப்பு, வீட்டார் கொண்டுவரும் சிலிண்டரைத் தொட மாட்டோம். பில் இருந்தாலும் மரையை நான் கையால் திருகிப் பார்த்த பிறகுதான் நிரப்புவேன். அந்தக் குழுவின் பையன்களுக்கும் என் நாசிலைக் கொடுத்துப் பழக்கியாயிற்று. நான் இல்லாத இடத்திலும் இது நடக்க வேண்டும்.

பைரோ இருக்கிறதா என்பதை இனி ஆர்டர் எடுக்கும்போதே கேட்க வேண்டும், மதியம் ஹாலில் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்வது தாமதம். காற்று பலூனாகவே இருந்தாலும் பொறி படும் தூரத்தில் கார்லண்டின் கால் இருக்கக் கூடாது. ரப்பர் துண்டு பொறுக்க ஒருவர் போதாது, மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். சின்னக் குழந்தைகளின் விசேஷத்தில் கைக்கெட்டும் உயரத்தில் பலூனே வைக்காமல் காகிதப் பட்டாம்பூச்சியும் துணித் தோரணமும் வைக்கலாம் என்று அலங்காரப் பொறுப்பாளர் யோசிக்கிறார். நானும் அதை ஆதரிக்கிறேன், அதனால் எனக்கு வேலை குறைந்தாலும் பரவாயில்லை.

கூரை முழுக்க ஹீலியம் என்று கேட்கிறவர்களுக்கு முதலில் நூல் முறையைக் காட்டுகிறோம். அடைத்த ஹாலில் 11 அங்குல ஹீலியம் பலூன் அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை நிற்கும், மே மாத வெக்கையில் அதுவும் இல்லை. காற்று பலூன் உள்ளே இருந்தால் பல நாள் நிற்கும். இதைக் கேட்ட பிறகும் ஹீலியமே வேண்டும் என்பவர்களுக்கு அதன் முழு விலையைச் சொல்கிறோம், குறைப்பதில்லை.

ஒன்று மட்டும் அன்று தீராமலே போயிற்று. திருப்பி அனுப்பிய சிலிண்டர் அழிக்கப்படவில்லை, வாங்கிய இடத்துக்கே போனது. விற்றவர் சொந்தக்காரருக்குத் தெரிந்தவர் என்பதால் வீட்டார் புகார் கொடுக்க விரும்பவில்லை. வேறு ஹாலில் வேறு பிறந்தநாளுக்கு அது இறங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். இனி இப்படி ஒன்று வந்தால், திருப்பி அனுப்பும் முன் சிலிண்டரையும் மரையையும் படம் எடுத்துத் தீயணைப்பு நிலையத்தில் கொடுப்பது என்று நானும் அலங்காரப் பொறுப்பாளரும் பேசி முடிவு செய்திருக்கிறோம். ஹால் மேனேஜரிடமும் சொன்னோம். அவர் இப்போது வாயு சிலிண்டர் எது வந்தாலும் கேட்டிலேயே பில்லும் லேபிளும் கேட்கிறார், இல்லாவிட்டால் வண்டியை உள்ளே விடுவதில்லை.